மோதிரக் கணக்கும் டிரேட் கணக்கும்: அமெரிக்கக் கால்பந்து விவாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2013ஆம் ஆண்டுப் பருவத்தில் டென்வர் பிராங்கோஸ் அணியின் குவாட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) பெய்ட்டன் மேனிங் 55 டச்டவுன் பாஸ்களை (எதிரணியின் கடைசி எல்லைவரை பந்தைக் கொண்டுசேர்த்துப் புள்ளி தரும் வீச்சுகளை) வீசினார். தம் வீச்சுகளால் 5,477 யார்டு தூரம் சேர்த்தார். ஒரே பருவத்துக்கான என்.எஃப்.எல். (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்) சாதனைகள் இவை. ஆனால் 2014 பிப்ரவரியில் நடந்த, லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் முதல் பிளேயிலேயே சென்டர் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குபவர்) பின்னால் எறிந்த பந்து மேனிங்கைத் தாண்டிப் பறந்து டென்வரின் சொந்த எண்ட் சோனுக்குள் (மைதானத்தின் கடைசிப் பகுதி) போய் விழுந்தது; ஆட்டம் தொடங்கிய 12 விநாடிகளில் சியாட்டில் சீஹாக்ஸ் 2 புள்ளிகள் பெற்றுவிட்டது. இறுதியில் டென்வர் 43-8 என்று படுதோல்வி அடைந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே மேனிங் 9 டச்டவுன்களுக்கு 17 இன்டர்செப்ஷன்கள் (எதிரணி பிடித்துக்கொண்ட வீச்சுகள்) கொடுத்து, பருவத்தின் நடுவில் வெளியே உட்கார வைக்கவும்பட்டார். அந்த ஆண்டு அவர் சூப்பர் பவுலை வென்றார். இறுதிப் போட்டியில் அவர் வீசிய யார்டுகள் 141 மட்டுமே. டச்டவுன் பாஸ் ஒன்றுகூட இல்லை. வெற்றியைத் தேடித் தந்தது டென்வரின் தடுப்பு வரிசையும், எதிரணிக் குவாட்டர்பேக் கேம் நியூட்டனின் கையிலிருந்து இருமுறை பந்தைத் தட்டிவிட்ட வான் மில்லரும்தான்.

வீரர்களைப் பற்றிய வாதங்களில் பெரும்பாலானவை ஏன் முடிவில்லாமல் நீள்கின்றன என்பதற்கு இந்த இரு பருவங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். ஒரு வீரர் இன்று எப்படி ஆடுகிறார் என்பது ஒரு கேள்வி. வரலாற்றில் அவருக்கு எந்த இடம் என்பது இன்னொரு கேள்வி. அவரை வேறு அணிக்குக் கொடுத்து வேறொன்றை வாங்கலாமா, அதாவது டிரேட் செய்யலாமா என்பது முற்றிலும் மூன்றாவது கேள்வி. ஒன்றுக்கான சான்றை எடுத்து மற்றொன்றுக்குப் பதிலாக வைப்பதுதான் இவ்வாதங்களில் நடக்கும் அடிப்படைத் தவறு.

இவற்றில் மிகவும் பழகிப்போனது, சூப்பர் பவுலை வென்ற அணியினருக்குக் கிடைக்கும் மோதிரங்களை எண்ணித் தீர்ப்புச் சொல்வது. டாம் பிரேடிக்கு 7 சூப்பர் பவுல் மோதிரங்கள் உண்டு என்பது அவருடைய பெருமைக்கு வலுவான சான்றே. ஆனால் அதே அளவுகோலை அப்படியே நீட்டினால், 2000 பருவத்தில் பால்டிமோர் ரேவன்ஸ் அணியோடு ஒரு மோதிரம் பெற்ற டிரென்ட் டில்ஃபர், பாஸ் சாதனைகளுக்குப் பெயர்பெற்றும் மோதிரமே பெறாத டேன் மரினோவைவிடச் சிறந்த குவாட்டர்பேக் என்றாகிவிடும். அந்த ரேவன்ஸ் அணியின் தடுப்பு வரிசை 16 ஆட்டங்களில் மொத்தமே 165 புள்ளிகள்தான் விட்டுக்கொடுத்தது. டில்ஃபரால்தான் வென்றோம் என்று அந்த அணி நினைத்திருந்தால், வென்ற கையோடு அவரை அனுப்பிவிட்டிருக்காது. 1991 ஜனவரியில் நடந்த சூப்பர் பவுலில் பஃபலோ பில்ஸ் அணியின் ஸ்காட் நார்வுட் கடைசி விநாடிகளில் உதைத்த 47 யார்டு கிக் கம்பத்துக்கு வலப்புறம் விலகிப் போக, நியூயார்க் ஜயன்ட்ஸ் 20-19 என்று வென்றது. அந்தப் பந்து சற்றே இடப்பக்கம் போயிருந்தால் பஃபலோவின் ஜிம் கெல்லி மோதிரம் பெற்ற குவாட்டர்பேக்காகப் பேசப்பட்டிருப்பார். அவர் அன்று வீசிய ஒரு பாஸ்கூட அதனால் மாறியிருக்காது.

மோதிர வாதத்தை முற்றாகத் தள்ளிவிட வேண்டும் என்பதில்லை. ஆனால் தனக்குப் பிடித்தவருக்கு மோதிரத்தையும், பிடிக்காதவருக்குப் புள்ளிவிவரத்தையும் அளவுகோலாக வைப்பவரோடு வாதிடுவதில் பயனே இல்லை. எந்த அளவுகோல் என்பதை முதலில் பேசி முடித்துக்கொண்டு, பிறகு அதை எல்லாருக்கும் ஒன்றுபோல் பொருத்துவதுதான் முறை.

புள்ளிவிவரங்களை நம்புகிறவர்களும் தவறுக்கு விலக்கானவர்கள் அல்லர். குவாட்டர்பேக்குகளை ஒப்பிடப் பலரும் கையில் எடுக்கும் பாஸர் ரேட்டிங் என்ற வீச்சு மதிப்பெண்ணின் உச்ச மதிப்பு 158.3 என்பதே விசித்திரம். அதைவிட முக்கியம், அதன் கணக்கில் சாக் (பந்தை வீசுமுன் குவாட்டர்பேக் வீழ்த்தப்படுவது) எதுவும் சேராது, குவாட்டர்பேக் தானே ஓடி எடுக்கும் யார்டும் சேராது என்பது. பந்தை வீசாமல் பிடித்துக்கொண்டே நின்று ஆறு முறை வீழ்த்தப்பட்டவரின் ரேட்டிங் அந்த ஆறினால் சிறிதும் குறையாது. மொத்த யார்டுகளிலும் இதே சிக்கல் உண்டு. 20 புள்ளிகள் பின்தங்கிய அணி நான்காம் கால் பகுதியில் இடைவிடாமல் பாஸ் வீசும்; முன்னிலையில் இருக்கும் தடுப்பு அணியோ நீண்ட பாஸை மட்டும் தடுத்தால் போதும் என்று பின்வாங்கி நின்று, குட்டைப் பாஸ்களைத் தாராளமாக விட்டுக்கொடுக்கும். அப்படிச் சேர்ந்த யார்டுகளும், சமநிலையில் மூன்றாம் டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) உயிரைக் கொடுத்து எடுத்த யார்டுகளும் அட்டவணையில் ஒரே நிறத்தில்தான் தெரியும். இன்டர்செப்ஷனும் அப்படியே: ரிசீவரின் (பாஸைப் பிடிக்க ஓடுபவரின்) இரு கைகளிலும் பட்டுத் தெறித்த பந்தை எதிரணி பிடித்தால், எண்ணிக்கை குவாட்டர்பேக்கின் பெயரில்தான் ஏறும்.

எண்ணிக்கையில் வராத வீரர்களின் நிலை இன்னும் மோசம். கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியின் இடது டாக்கிள் (குவாட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை வீரர்) ஜோ தாமஸ் 2007 முதல் 2017 வரை தொடர்ச்சியாக 10,363 ஸ்னாப்கள் (பந்து ஆட்டத்துக்கு வரும் முறைகள்) ஆடினார். ஒரு பிளேஆஃப் (பருவ முடிவில் வரும் வெளியேற்றுச் சுற்று) ஆட்டத்தில்கூட ஆடாமலே ஓய்வு பெற்றார். மோதிரமும் இல்லை, யார்டும் இல்லை, டச்டவுனும் இல்லை. கேன்டனில் உள்ள, சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் அவரை 2023இல், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே சேர்த்துக்கொண்டது. இத்தகைய முன்வரிசை லைன்மேன்களைப் பேசாமல் குவாட்டர்பேக்கை மட்டும் பேசுவது பாதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முழுத் தீர்ப்புச் சொல்வதாகும்.

காலத்தை மறந்து ஒப்பிடுவதும் அடிக்கடி நடக்கிறது. ஓ. ஜே. சிம்ப்சன் 1973இல் 14 ஆட்டங்களில் 2,003 யார்டு ஓடினார். 1984இல் 2,105 யார்டு ஓடிய எரிக் டிக்கர்சனுக்கு 16 ஆட்டங்கள் கிடைத்தன. 2021 முதல் பருவத்துக்கு 17 ஆட்டங்கள். சாக் 1982இலிருந்துதான் அதிகாரபூர்வமாக எண்ணப்படுகிறது. எனவே குவாட்டர்பேக்குகளை வீழ்த்துவதில் பெயர்பெற்ற டீக்கன் ஜோன்ஸ் போன்ற முந்தைய தலைமுறையினரை அந்தப் பட்டியலில் தேடுவதே வீண். ரிசீவரை 5 யார்டுக்கு அப்பால் தொட்டு மறிப்பதை 1978ஆம் ஆண்டு விதி தடை செய்த பிறகு பாஸ் விளையாட்டே மாறிப்போனது. 1984இல் மரினோ வீசிய 48 டச்டவுன்களை 2004இல்தான் ஒருவர் மிஞ்சினார். இந்த 20 ஆண்டு இடைவெளி, மரினோ தம் காலத்தவரைவிட எவ்வளவு தொலைவு முன்னால் நின்றார் என்பதை 48 என்ற எண்ணைவிடத் தெளிவாகச் சொல்கிறது.

டிரேட் பற்றிய பேச்சுக்கு வந்தால், தவறுகள் வேறு வகை. முதலாவதாக, ஒரு வீரரின் கடந்தகாலச் சாதனைக்கு யாரும் விலை கொடுப்பதில்லை; இனி வரும் பருவங்களுக்குத்தான் கொடுக்கிறார்கள். 2022இல் டென்வர் அணி குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை வாங்க இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் தேர்வுகள் (புதிய கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகள்), இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகள், ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வு, கூடவே மூன்று வீரர்கள் என்று சியாட்டிலுக்குக் கொடுத்தது. அவர் புது அணிக்காக ஒரு பருவ ஆட்டமும் ஆடுவதற்கு முன்பே 5 ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தமும் எழுதியது. இரண்டே பருவங்களில் அவரை விடுவித்தபோது, ஆடாத வீரருக்காகச் சம்பள உச்சவரம்புக் (ஓர் அணி ஆண்டுக்குச் செலவிடக்கூடிய மொத்தச் சம்பள வரம்பு) கணக்கில் சுமார் 8.5 கோடி டாலரை இரண்டு ஆண்டுகளில் சுமக்க வேண்டியதாயிற்று. சியாட்டிலில் அவர் சேர்த்த புகழ் முழுவதும் உண்மை. அதில் ஒரு துளியும் டென்வருக்கு மாற்றித் தரப்படவில்லை.

இரண்டாவது தவறு, சம்பள உச்சவரம்பை மறந்து கற்பனை டிரேட் போடுவது. 2024இல் ஓர் அணிக்கான உச்சவரம்பு 25.54 கோடி டாலர். ஒரு வீரருக்கு 5 கோடி டாலர் சைனிங் போனஸ் (ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தரும் தொகை) கொடுத்திருந்தால், பணம் அவர் கைக்கு முன்கூட்டியே போய்விடும். கணக்கில் மட்டும் ஆண்டுக்கு 1 கோடி வீதம் 5 ஆண்டுகளுக்குப் பரப்பி எழுதுவார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அவரை மார்ச் மாதத்தில் டிரேட் செய்தால் மீதி 3 கோடியும் அந்த ஆண்டுக் கணக்கிலேயே மொத்தமாக வந்து விழும். ஜூன் 1க்குப் பிறகு செய்தால் 1 கோடி இந்த ஆண்டிலும் 2 கோடி அடுத்த ஆண்டிலும் ஏறும். அடிப்படைச் சம்பளம், வீரரை வாங்கிய அணியோடு போகும்; போனஸின் மிச்சமோ கொடுத்த அணியிடமே தங்கும். ஆகவே "அவரை யாராவது தூக்கிக்கொண்டு போகட்டும்" என்று சொல்வதற்கு முன், அவர் போனாலும் எவ்வளவு தங்கும் என்று பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் டிரேட் தடை விதி இருந்தால் வீரரின் சம்மதமும் வேண்டும். அந்தச் சம்மதம் இல்லாவிட்டால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

மூன்றாவதாக, எல்லா டிரேடிலும் ஒருவர் வென்று மற்றவர் ஏமாந்தே ஆகவேண்டும் என்ற எண்ணம். டெட்ராய்ட் லயன்ஸ் அணியில் 12 பருவங்கள் ஆடியும் ஒரு பிளேஆஃப் ஆட்டத்தைக்கூட வெல்லாத குவாட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டை 2021இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் வாங்கியது. பதிலுக்குத் தன் குவாட்டர்பேக் ஜாரெட் காஃபையும், இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும், ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் கொடுத்தது. காஃப் பெயரில் மிச்சமிருந்த 2 கோடி டாலருக்கு மேற்பட்ட போனஸ் சுமையையும் தானே ஏற்றது. "பெரிய ஆட்டங்களை வெல்லத் தெரியாதவர்" என்று பேசப்பட்ட ஸ்டாஃபோர்ட் அடுத்த பிப்ரவரியில் சூப்பர் பவுலை வென்றார். அவருடைய கை ஓர் ஆண்டில் மாறிவிடவில்லை, சுற்றியிருந்தவர்கள் மாறினார்கள். அதன் அடுத்த பருவத்தில் ராம்ஸ் 5 வெற்றி, 12 தோல்வி என்று சரிந்ததால், கீழே முடித்த அணியின் தேர்வே முன்னால் வரும் என்ற முறைப்படி, டெட்ராய்ட்டிடம் போன தேர்வு 6ஆம் இடத்துக்கு உயர்ந்தது. லயன்ஸ் அதை மேலும் மாற்றிக்கொண்டு 12ஆம் இடத்தில் ஜமீர் கிப்ஸையும் 34ஆம் இடத்தில் சாம் லாபோர்ட்டாவையும் எடுத்தது. 2024 ஜனவரியில் இரு அணிகளும் டெட்ராய்ட்டில் பிளேஆஃபில் மோதியபோது, காஃபின் அணி ஸ்டாஃபோர்டின் அணியை 24-23 என்று வீழ்த்தியது. 1991 பருவத்துக்குப் பிறகு லயன்ஸ் வென்ற முதல் பிளேஆஃப் ஆட்டம் அது. ராம்ஸ் கையில் மோதிரம் இருந்தது. லயன்ஸ் கையில் ஓர் அணி இருந்தது. இதில் யார் ஏமாந்தார் என்று கேட்டால், இரு நகரங்களிலும் விடை சொல்ல ஆள் கிடைக்கமாட்டார்.