பாடசாலைப் பாதையைத் திருத்துவது எப்படி: வன்னிக் கிராமங்களுக்கான வழிகாட்டி

“ஓரமாய்ப் போ” என்று எத்தனை தரம் சொன்னாலும், ஓரமே இல்லாத வீதியில் பிள்ளை எங்கே போகும்? நடந்தோ சைக்கிளிலோ வரும் பிள்ளைகளைக் காப்பாற்ற முதலில் திருத்தவேண்டியது வீதியையும் அதில் ஓடும் வேகத்தையும்தான். இதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து தொடங்கலாம்.

காலை 6.45 முதல் 7.30 வரையும், பாடசாலை விடும் நேரத்திலும் பாதையை நடந்து பாருங்கள். பிள்ளைகள் வீதியைக் கடக்கும் இடம், பற்றை மறைக்கும் வளைவு, பக்கக் கட்டு இல்லாத மதகு, டிப்பர் திரும்பும் சந்தி எல்லாவற்றையும் ஒரு தாளில் வரையுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்த வீதி யாருடையது என்று எழுதுங்கள். ஏ9, பரந்தன்–முல்லைத்தீவு போன்ற ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், உள்ளூர்க் கிரவல் வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் பிரதேச சபைக்கும் உரியவை. முகவரி மாறிப்போன கடிதம் மேசைக்கு மேசை அலைந்தே காலம் போகும். கடிதத்தோடு படமும் வரைபடமும் வையுங்கள். பிரதி பிரதேச செயலாளருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் போகட்டும்.

கேட்கவேண்டியவற்றில் முதலாவது வேகம். காய்ந்த தார் வீதியில் 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம், சாரதி பிள்ளையைக் கண்டதிலிருந்து ஏறக்குறைய 13 மீற்றரில் நிற்கும். 50 இல் 28 மீற்றர், 70 இல் 45 மீற்றருக்கும் மேல். மழையில் இன்னும் நீளும். பாடசாலை வாசலுக்கு 30 என்று உலக சுகாதார அமைப்பு சொல்வதும் இதனால்தான். சபை வீதியென்றால் வேகத்தடை கேளுங்கள்: உயரம் 7.5 முதல் 10 சென்ரிமீற்றர், வாகனம் ஓடும் திசையில் அகலம் 3.7 மீற்றரளவு, வெள்ளைப் பூச்சு, முன்னாலே அறிவிப்புப் பலகை. ஊரவர் தாங்களே சீமெந்து குழைத்துப் போடும் ஒடுக்கமான மேடு வேண்டாம். இருட்டில் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் அதுவே விழுத்தும்.

ஏ9 போன்ற வீதியில் வேகத்தடை கிடைப்பது கடினம். அங்கே பாதசாரிக் கடவை, எச்சரிக்கைப் பலகை, காலையும் மதியமும் போக்குவரத்துப் பொலிஸ் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கேளுங்கள். வேகம் குறையாத வீதியில் கடவையை மட்டும் கீறினால், கோட்டை நம்பிப் பிள்ளை காலை வைத்துவிடும். கடவை பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் இருக்கவேண்டும். நிற்கும் பஸ்ஸுக்கு முன்னால் கடக்கும் பிள்ளை, முந்திவரும் வாகனத்தின் கண்ணில் படாது. பாடசாலை நேரத்தில் மணல், கிரவல் டிப்பர்களை நிறுத்தும் கோரிக்கையைப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் வையுங்கள்.

வாசல் நெரிசலைப் பாடசாலையே தீர்க்கலாம். வான், ஓட்டோ, பெற்றோரின் மோட்டார் சைக்கிள் எல்லாம் 50 மீற்றர் தள்ளி நிற்கட்டும். சைக்கிள் பிள்ளைகளைப் பத்து நிமிடம் முந்தி விடுங்கள்.

மாரிக்கு முன்னர், புரட்டாசிக்குள், மதகுகளின் இரு பக்கமும் ஒரு மீற்றர் உயரக் கட்டை நட்டு வெள்ளை பூசுங்கள். வீதி மட்டத்திலிருந்து 15 சென்ரிமீற்றரில் சிவப்புக் கோடு போடுங்கள். ஓடும் தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் யாரும் கடக்கக்கூடாது. பிள்ளைகள் வராவிட்டால் வரவில்லை என்று அதிபர் குறைபிடிக்காதிருப்பதும் முன்கூட்டியே முடிவாகட்டும். வளைவின் உட்பக்கப் பற்றையை 60 சென்ரிமீற்றருக்குக் கீழே வெட்டுங்கள். சின்னப் பிள்ளையின் கண் ஒரு மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. மழை விட்டதும் பற்றை திரும்ப வளரும், தையில் மறுபடி வெட்டவேண்டும்.

சிறு பிள்ளைகளை ஆறேழு பேருக்கு ஒரு பெரியவராகக் கூட்டி வரலாம். நடைபாதை இல்லாத இடத்தில் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி ஒருவர்பின் ஒருவராக நடக்கவேண்டும். சைக்கிள் இடப்பக்கம். யானை நடமாடும் பகுதிகளில் வெளிச்சம் வந்தபின்தான் புறப்படவேண்டும். தையில் சூரியன் எழவே ஆறரை ஆகும்.

சைக்கிள்களைத் தவணைக்கொருமுறை பாடசாலையிலேயே சோதியுங்கள். இருக்கையில் இருந்தால் இரு கால் நுனியும் நிலத்தைத் தொடவேண்டும். தேய்ந்த பிரேக் கட்டையை மாற்றுங்கள், பின்னால் சிவப்பு ஒளித்தெறிப்பான் பூட்டுங்கள். தண்டவாளத்தைக் கடக்கையில் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டப் பழக்குங்கள். சரிவாக ஓடினால் சில்லு இடுக்கில் மாட்டும்.