உங்கள் கோரிக்கை அரசாங்கக் கொள்கையாக வேண்டுமா? ஒரு சிங்கப்பூர்ச் செய்முறை

அரசியல் அறிவியல் படித்தவர்களுக்கு டேவிட் ஈஸ்டனின் படம் நினைவிருக்கும். மக்களின் கோரிக்கையும் ஆதரவும் ஒரு பக்கம் உள்ளே போகும், நடுவில் அரசியல் அமைப்பு என்ற ஒரு பெட்டி, மறுபக்கம் முடிவுகளும் சட்டங்களும் வெளியே வரும், அவற்றின் விளைவு திரும்பவும் உள்ளே போகும். படம் சரிதான். ஆனால் அந்தப் பெட்டிக்கு எத்தனை கதவு, எதை எப்போது தட்டுவது என்று அதில் இருக்காது. எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் நடைபாதைக் கூரைக்காக அலைந்தபோது சேர்த்த குறிப்புகள் இவை. உங்கள் தொகுதி எது, நாடாளுமன்ற உறுப்பினர் யார் என்பதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: புகாரா, கொள்கையா?

மின்தூக்கி நின்றுபோனால் அது புகார். படம் எடுத்து, குடியிருப்புப் புகார்களுக்கான ஒன்சர்வீஸ் செயலியில் போட்டால் முடிந்தது. கொள்கை என்பது எல்லாருக்கும் பொருந்தும் விதி. உதாரணத்துக்கு, 2013இல் அறிவிக்கப்பட்ட வாக்டுரைடு திட்டத்தில் எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) நிலையத்தைச் சுற்றி 400 மீட்டருக்குள்ளும், எல்ஆர்டி (இலகு ரயில்) நிலையம், பேருந்து முனையம் போன்றவற்றைச் சுற்றி 200 மீட்டருக்குள்ளும் கூரை நடைபாதை அமைப்பது என்று எல்லை வகுத்தார்கள். “எங்கள் நிறுத்தத்துக்குக் கூரை போடுங்கள்” என்பது விண்ணப்பம். “முதியோர் அதிகம் வாழும் இடங்களில் எல்லையைத் தள்ளி வையுங்கள்” என்பதுதான் கொள்கைக் கோரிக்கை. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள். விண்ணப்பத்துக்குப் பதில் வரும், மற்றது அப்படியே அமுங்கிப்போகும்.

படி 2: இது யார் கையில் இருக்கிறது?

பெரும்பாலான கோரிக்கைகள் சிக்கிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து பாருங்கள். புளோக்கை ஒட்டி ஒரு கூரை, சாலையோரம் இன்னொரு கூரை. உயரம் வேறு, தூணின் நிறம் வேறு. எங்கள் இடத்தில் இரண்டுக்கும் நடுவே நாலு எட்டு தூரம் வானம் தெரியும். அம்மாவைச் சக்கர நாற்காலியில் பலதுறை மருந்தகத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது மழை பிடித்தால், அந்த நாலு எட்டில் மடியில் இருக்கும் மருந்துப் பை வரை நனைந்துவிடும். உள்பக்கம் நகர மன்றத்துடையது, சாலைப்பக்கம் நிலப் போக்குவரத்து ஆணையத்துடையது. புல்லும் மரமும் குறுக்கே வந்தால் தேசியப் பூங்காக் கழகம், வடிகால் வந்தால் பொதுப் பயனீட்டுக் கழகம். நான் முதலில் எழுதிய இடத்திலிருந்து “இது எங்கள் எல்லைக்குள் வராது” என்று ஒரே வரியில் பதில் வந்தது. யார் எல்லை என்று அந்த வரியில் இல்லை!

செய்யவேண்டியது இதுதான்: சம்பந்தப்பட்ட எல்லா அமைப்புகளுக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். எல்லார் முகவரியும் எல்லார் கண்ணிலும் படட்டும். “இந்த இடைவெளி உங்களில் யாருடையது?” என்ற ஒரே கேள்வியோடு நிறுத்துங்கள். தேதியிட்ட படம் ஒன்று போதும். ஃபேஸ்புக்கில் பொங்குவதைவிட இந்த மின்னஞ்சலையே நான் நம்புவேன். வாட்ஸ்அப் குழுவில் விழும் கட்டைவிரல்களுக்குக் கோப்பு எண் கிடையாது.

படி 3: கோரிக்கையை நறுக்குங்கள்

தைப்பூசத்தையே எடுத்துக்கொள்வோம். 1968 முதல் அது இங்கே பொது விடுமுறை இல்லை. திரும்பக் கேட்கும்போதெல்லாம் வரும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு சமயத்துக்குக் கூட்டினால் மற்றவர்களும் கேட்பார்கள். ஊர்வலத்தில் இசைக்கும் 1973 முதல் தடை இருந்தது. ஆனால் அந்தக் கோரிக்கை நகர்ந்தது. இந்து அறக்கட்டளை வாரியம் பக்தர்களின் கருத்தைக் கேட்டது, அதிகாரிகளோடு பேசியது. 2016இல் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி வந்தது, பிறகு கட்டுப்பாடு மேலும் தளர்ந்தது.

இரண்டிலும் உணர்ச்சிக்குக் குறைவில்லை. விடுமுறைக்குச் சம்மதிக்க எல்லாச் சமூகங்களும் முதலாளிகளும் வேண்டும். இசைக்கு, எந்த இடம், எத்தனை மணி வரை என்று உட்கார்ந்து பேசினால் போதும். அதிகாரி ஒருவர் தன் மேசையிலேயே “சரி” என்று எழுதக்கூடிய அளவுக்குக் கோரிக்கையைச் சிறிதாக்க முடியுமா என்று பாருங்கள். விடுமுறையைக் கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. அது நீண்ட பயணம், அவ்வளவுதான்.

படி 4: மக்கள் சந்திப்பு

தொகுதி மக்கள் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினரை நேரில் பார்த்துக் குறை சொல்லும் சந்திப்பு இது, 1955இல் முதலமைச்சராக இருந்த டேவிட் மார்ஷல் தொடங்கிவைத்த வழக்கம். வரிசை எண் எடுத்து, நெகிழி நாற்காலியில் காத்திருந்தால் தொண்டூழியர் ஒருவர் உங்கள் கதையைக் கணினியில் தட்டி, உறுப்பினர் கையெழுத்தோடு சம்பந்தப்பட்ட இடத்துக்கு அனுப்புவார். தனிப்பட்ட சிக்கலுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. கொள்கைக்கு இது மட்டும் போதாது. உறுப்பினரிடம் கடிதம் கேட்காமல், நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி எழுப்பச் சொல்லிக் கேளுங்கள். கடிதத்துக்கு அதிகாரி பதில் எழுதுவார், கேள்விக்கு அமைச்சர் அவைக்கு நேரிலோ எழுத்திலோ பதில் சொல்லவேண்டும், அது பதிவாகிவிடும்.

போவதற்கு முன்னால் நாடாளுமன்ற இணையத்தளத்தில் ஹன்சார்டை, அதாவது அவை விவாதங்களின் பதிவை, தேடுங்கள். 1955 முதல் உள்ள விவாதங்கள் அங்கே இருக்கின்றன. எனக்குப் பிடித்த கருவி இதுதான். உங்கள் கேள்வியை யாராவது ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். “பரிசீலிப்போம்” என்று அமைச்சர் சொல்லியிருந்தால் அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு, பரிசீலனை என்ன ஆயிற்று என்று கேட்கச் சொல்லுங்கள்.

நேரமும் முக்கியம். வரவுசெலவுத் திட்டத்துக்குப் பிறகு, பெரும்பாலும் பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும், ஒவ்வோர் அமைச்சின் செலவையும் அவை விவாதிக்கும். அமைச்சின் ஒதுக்கீட்டில் 100 வெள்ளி (டாலர்) குறைக்கவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்துதான் உறுப்பினர்கள் பேசவே தொடங்குவார்கள். வெறும் சடங்கு, யாரும் அந்த நூறு வெள்ளியைக் குறைப்பதில்லை. புதிய கொள்கைகள் பல அப்போதுதான் அறிவிக்கப்படும், எனவே உங்கள் குறிப்பு டிசம்பருக்குள் போய்ச் சேரட்டும்.

படி 5: சட்டம் தேவையென்றால்

பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்பட்டால் மசோதா அவையில் மூன்று வாசிப்புகளை, அதாவது மூன்று கட்டங்களை, கடந்து, பொதுவாகச் சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றத்தின் பார்வைக்குப் போய், அதிபரின் ஒப்புதல் பெற்று அரசிதழில் வரும். அமைச்சர் அல்லாதவரும் மசோதா கொண்டுவரலாம். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் நியமன நாடாளுமன்ற உறுப்பினராக (தேர்தலில் வெல்லாமல் நியமிக்கப்பட்டவர்) இருந்த வால்டர் வூன் கொண்டுவந்து 1995இல் நிறைவேறியது. அப்படி நடப்பது அபூர்வம், அதை நம்பி உட்காராதீர்கள்.

படி 6: கருத்துக் கேட்பு வந்தால் விடாதீர்கள்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் பூனை வளர்க்க நெடுங்காலம் தடை இருந்தது. ஆர்வலர்களின் வற்புறுத்தல், அவையில் கேள்விகள், பொதுமக்களிடம் கருத்தாய்வு, வரைவுத் திட்டம் என்று ஒவ்வொன்றாக வந்து, 2024 செப்டம்பர் 1 முதல் இரண்டு பூனைகள் வரை அனுமதி கிடைத்தது. உரிமம், சன்னலுக்கு வலை போன்ற விவரங்களெல்லாம் கருத்துக் கேட்பில் அலசப்பட்டவை. “ஆதரிக்கிறேன்” என்று மட்டும் எழுதாமல், எந்த விதி உங்கள் வீட்டில் நடைமுறைக்கு ஒத்துவராது என்று எழுதுங்கள்.

பின்சேர்க்கை: இணையத்தில் திரட்டிய கையெழுத்துகளை நாடாளுமன்ற மனுவாகக் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இரண்டும் வேறு. நாடாளுமன்ற மனுவுக்குத் தனி விதிமுறை உண்டு, உறுப்பினர் ஒருவர்தான் அதை அவையில் சேர்க்கவேண்டும்.

தமிழில் பேசலாமா என்றும் கேட்டார்கள். தாராளமாக. அவையிலேயே தமிழில் பேச உரிமை உண்டு, மக்கள் சந்திப்பிலும் தமிழ் தெரிந்த தொண்டூழியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஆனால் கடிதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். அனுப்புமுன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி, நீங்கள் கேட்ட கேள்வி கேள்வியாகவே இருக்கிறதா, இல்லை “உதவி கோருகிறார்” என்று மாறிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள்.