கருப்பையில் சீழ் கட்டிய பெண் நாய்: மீட்ட முதல் மணி நேரத்திலிருந்து தையல் பிரிக்கும் வரை

ஊர் ஓரத்துச் சாலைகளில் கழுத்துப்பட்டை இல்லாமல் நிற்கும் லாப்ரடார், பக், ஷிட்சு, ஸ்பிட்ஸ் பெண் நாய்கள் எல்லாமே வழி தவறி வந்தவை அல்ல. குட்டி விற்பதற்காகவே கூண்டில் வைத்திருந்து, இனி சினை பிடிக்காது என்று தெரிந்ததும் இறக்கிவிடப்பட்டவை அவற்றில் நிறைய உண்டு. அப்படிப்பட்ட நாயைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்ளலாம். மடி தொங்கியிருக்கும், காம்புகள் நீண்டு தடித்திருக்கும். வயிற்றின் நடுக்கோட்டில் பழைய சிசேரியன் தழும்பு இருக்கலாம். கூண்டுக் கம்பியைக் கடித்துக் கடித்துக் கோரைப்பற்களின் பின்புறம் தேய்ந்திருக்கும். நடக்க இடமில்லாமல் வளர்ந்த நகம் வளைந்து உள்ளங்கால் சதையைக் குத்தும். பின்பக்க முடி மூத்திரத்தில் ஊறி மஞ்சளாகி, சடை பிடித்திருக்கும்.

இந்த நாய்களுக்கு உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும் காரணங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பையோமெட்ரா, அதாவது கருப்பையில் சீழ் கட்டுவது. சினை பிடிக்கவில்லை என்று கைவிடப்படும் நாயின் கருப்பை பல நேரம் அதற்கு முன்பே கெட்டிருக்கும். ஒவ்வொரு முறை ஹீட், அதாவது இணை சேரும் பருவம் முடிந்த பிறகும், சினையானாலும் ஆகாவிட்டாலும், சுமார் இரண்டு மாதம் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் சுரக்கிறது. கருப்பையின் உள்தோலை அது தடிக்க வைக்கிறது, கருப்பை சுருங்கி அழுக்கை வெளியே தள்ளுவதையும் தடுக்கிறது. ஹீட்டின்போது திறந்திருந்த கருப்பை வாய் வழியாக உள்ளே போன ஈ.கோலை கிருமிக்கு வேறென்ன வேண்டும்? அதனால்தான் ஹீட் முடிந்து 2 முதல் 8 வாரத்துக்குள் இந்த நோய் வருகிறது.

எப்படிச் சந்தேகிப்பது

தண்ணீர்க் கிண்ணத்தைக் கவனியுங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 100 மி.லி.க்கு மேல் குடித்தால் அது தாகம் அல்ல, நோய். 10 கிலோ நாய் ஒரே நாளில் ஒரு லிட்டரைத் தாண்டினால் சும்மா இருக்கக் கூடாது. கிருமியின் நஞ்சு சிறுநீரகத்தின் தண்ணீரைத் தேக்கும் வேலையைக் கெடுப்பதால் நாய் மூத்திரமாய்ப் போய்க்கொண்டே இருக்கும், ஈடுகட்டக் குடித்துக்கொண்டே இருக்கும். அதோடு சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகும், வாந்தி எடுக்கும், வயிறு உப்பியிருக்கும், பின்பக்கத்தை ஓயாமல் நக்கும். வெள்ளைத் துணியால் வாலுக்கடியில் மெல்ல ஒற்றிப் பாருங்கள். மஞ்சளாகவோ தக்காளிச் சாறு போலவோ நாற்றத்துடன் கசிவு ஒட்டினால் கருப்பை வாய் திறந்திருக்கிறது, சீழ் வெளியே வருகிறது.

கசிவே இல்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள். கருப்பை வாய் மூடியிருந்தால் சீழ் உள்ளேயே தேங்கி, கருப்பை வெடித்து வயிற்றுக்குள் கொட்டும் அபாயம் உண்டு. வயிறு மட்டும் பெரிதாகி நாய் சுருண்டு கிடப்பதைச் 'சினையாக இருக்கிறது போல' என்று விட்டுவிடுவதில்தான் பல உயிர்கள் போகின்றன.

அந்த முதல் மணி நேரம்

அழுக்கு நாயைக் கண்டதும் குளிப்பாட்டத் தோன்றும், எலும்பும் தோலுமாய் இருந்தால் வயிறு நிறையச் சோறு வைக்கத் தோன்றும். இரண்டும் இப்போது வேண்டாம். நஞ்சேறிய உடம்பு ஈரத்தில் சட்டென்று குளிர்ந்துவிடும். சோறு நிறைந்த வயிறோடு மயக்க மருந்து கொடுத்தால் வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகும். தண்ணீரை மட்டும் தடுக்கக் கூடாது; வாந்தி இருந்தால் இரண்டு மூன்று ஸ்பூனாக அடிக்கடி கொடுங்கள்.

மூன்றே மூன்றைப் பார்த்துத் தாளில் குறியுங்கள். முதலாவது ஈறு. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். வெளிறியோ செங்கல் நிறத்திலோ, தொட்டால் பிசுபிசுப்பாகவோ இருந்தால் நிலைமை மோசம். மெலிந்த நாயின் தோலை இழுத்துப் பார்த்து நீரிழப்பைக் கணிக்க முடியாது, கொழுப்பு இல்லாத தோல் எப்படியும் மெதுவாகத்தான் இறங்கும். ஈறைத்தான் நம்ப வேண்டும். இரண்டாவது காய்ச்சல். டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையில் தேங்காய் எண்ணெய் தடவி ஆசனவாயில் ஓர் அங்குலம் நுழைத்துப் பாருங்கள். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. காய்ச்சல் இல்லாததால் நோயில்லை என்றாகாது. 99-க்குக் கீழே இறங்கியிருந்தால் அது காய்ச்சலைவிட அவசரம். போர்வையில் சுற்றிக்கொண்டு உடனே கிளம்புங்கள். மூன்றாவது மூச்சு: படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டக் கூடாது.

வீட்டில் இருக்கும் பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதையும் கொடுக்காதீர்கள். சிறுநீரகம் ஏற்கனவே தள்ளாடும் நாயை அந்த ஒரு மாத்திரை சாய்த்துவிடும். வயிற்றை அழுத்திப் பார்க்கவும் கூடாது. தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கடியில், மறு கை தொடைக்குப் பின்னால். கருப்பை இருக்கும் நடுவயிற்றில் பளு விழவே கூடாது. பெரிய நாய் என்றால் பெட்ஷீட்டில் கிடத்தி இரண்டு பேர் நாலு முனையையும் பிடியுங்கள்.

வலியில் இருக்கும் நாய் கடிக்கும், அதன் குணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும். பருத்தித் துப்பட்டாவை மூக்கைச் சுற்றி முடிந்து காதுக்குப் பின்னால் கட்டலாம். ஆனால் வாந்தி எடுக்கும் நாய்க்கும் பக், ஷிட்சு போன்ற குட்டை மூக்கு நாய்களுக்கும் வாயைக் கட்டவே கூடாது; தடித்த துண்டைக் கழுத்தைச் சுற்றிப் பிடித்தால் போதும். அதன் தடுப்பூசிக் கதை நமக்குத் தெரியாது. எனவே பல் பட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனையில் ரேபிஸ் ஊசி போட்டாக வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி மூத்திரத்தில் இருக்கலாம், கையுறை போடாமல் துடைக்க வேண்டாம்.

மருத்துவமனையில்

சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கால்நடைகளுக்கான ரத்த வங்கியும் அங்கே உண்டு. ரத்தச்சோகை முற்றிய நாய்க்கு அது பெரிய உதவி. மற்ற ஊர்களில், போகும் வழியிலேயே போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள்: ஸ்கேன் இருக்கிறதா, இன்றே அறுவை செய்வார்களா, இரவில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா. மூன்றாவதற்கு 'இல்லை' என்றால் வேறு இடம் தேடுவது நல்லது. அறுவைக்குப் பிந்தைய முதல் இரவு, அறுவைக்கு நிகரான ஆபத்து கொண்டது.

உள்ளே போனதும், தோலுக்கடியில் உரிமையாளர் அடையாளத்துக்கான மைக்ரோசிப் இருக்கிறதா என்று சிப் ரீடரால் தோளிடை, கழுத்தைத் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். உண்மையிலேயே தொலைந்த நாயாகவும் இருக்கலாம். கிடைத்த இடம், நேரம், உடல் நிலை எல்லாவற்றையும் புகைப்படத்தோடு காவல் நிலையத்தில் எழுதிக்கொடுத்து ரசீது வாங்கிவிட்டால், பிறகு யாரும் 'என் நாய்' என்று வந்து நிற்கும் வம்பு குறையும். அறுவைக்கான ஒப்புதலில் மீட்டவர் என்ற முறையில் கையெழுத்திடுகிறீர்கள் என்பதை எழுத்திலேயே குறிக்கச் சொல்லுங்கள்.

ஸ்கேனோடு ரத்தப் பரிசோதனையும் கட்டாயம்: வெள்ளணு, ரத்தம் உறைய உதவும் தட்டணு, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சர்க்கரை, அதோடு ரத்த ஒட்டுண்ணிக்கான ஸ்லைடு. நம் ஊர்க் கூண்டு நாய்களுக்கு உண்ணி இல்லாமல் இருப்பது அபூர்வம். உண்ணிக் காய்ச்சல் தட்டணுவைத் தின்றுவிடும். அது 2 லட்சத்துக்குக் கீழே இருந்தாலே இயல்பல்ல. 50 ஆயிரத்துக்கும் கீழே போனால் வெட்டிய இடத்தில் ரத்தம் நிற்காமல் போகலாம். இதைத் தெரியாமல் கத்தி வைப்பதால் வரும் சாவை 'நாய் மயக்கம் தாங்கவில்லை' என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

இங்கேதான் மீட்பவர்கள் அதிகம் தடுமாறுவது. 'ரொம்ப வீக்கா இருக்கு, ஒரு வாரம் தேற்றிட்டு ஆபரேஷன் பண்ணலாம்' என்பது கருணையான பேச்சாகக் கேட்கும். ஆனால் நஞ்சின் ஊற்று உள்ளே இருக்கும்வரை நாய் தேறாது. ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் கசிவு குறைந்து இரண்டு நாள் வாலாட்டும், மருந்து நின்றதும் பழையபடி திரும்பும். தேவைப்படுவது ஒரு வாரம் அல்ல, சில மணி நேரம்: நரம்பில் ட்ரிப்ஸ், ஆன்டிபயாட்டிக், வலி மருந்து, உடம்புக்கு வெதுவெதுப்பு. ரத்த அழுத்தம் ஏறி ஈறு சிவந்ததும் கருப்பை, சூலகம் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். அந்தச் சில மணி நேரத்தையும் தாண்டிக் குதித்து நேரே மேசைக்குக் கொண்டுபோவதும் தப்புதான், மயக்கத்தில் அழுத்தம் இறங்கிச் சிறுநீரகம் நின்றுபோகும். ஊசி போட்டுக் கருப்பையைக் காலிசெய்யும் வைத்தியமும் இருக்கிறது. அது இனி குட்டி வேண்டும் என்பவர்களுக்கானது. வாய் மூடிய கருப்பையில் ஆபத்தானதும்கூட. இந்த நாய்க்கு அடுத்த ஹீட்டே வரக் கூடாது.

மடியில் கட்டி, ஆடும் பல், குடலிறக்கம் என்று கூடவே பல கோளாறு தெரியும். 'ஒரே மயக்கத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்' என்று வற்புறுத்தாதீர்கள். மயக்கத்தில் கூடும் ஒவ்வொரு கால் மணி நேரமும் நோயுற்ற உடம்புக்குச் சுமை. கட்டிகளை அளந்து குறித்துவைத்துக்கொண்டு, நாய் தேறிய பிறகு வேறு நாளில் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்த பின் முதல் 10 நாள்

டைல்ஸ் தரையில் கால் வழுக்கினால் தையல் இழுபடும். ரப்பர் மேட்டின் மேல் பழைய பெட்ஷீட் விரித்துத் தினமும் மாற்றுங்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் 14 நாள் தனி அறை, தனிக் கிண்ணம். பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்று வைரஸ் நோய்கள் பின்தொடர்ந்து வரலாம். தரையை ஒரு பங்கு ப்ளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, காய்ந்த பிறகு நாயை விடுங்கள்.

பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையச் சாப்பாடு போனால் ரத்தத்தில் பாஸ்பரஸ் சரிந்து, இரண்டு முதல் நாலு நாளில் தள்ளாட்டமும் வலிப்பும் வரும். கணக்கு எளிது: எடையை 30-ஆல் பெருக்கி 70 கூட்டினால் ஓய்வில் தேவையான கலோரி. 10 கிலோ நாய்க்கு 370. முதல் நாள் அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 120 கலோரி. அது உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் வேகவைத்த 50 கிராம் எலும்பில்லாத கோழியும் 30 கிராம் குழைந்த சோறும். நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுத்து, நாலைந்து நாளில் முழு அளவுக்கு ஏற்றுங்கள். சிறுநீரகக் கணக்கு மோசமாக இருந்தால் மருத்துவர் சொல்லும் உணவுதான்.

கழுத்துக்குக் கூம்பு காலர் இரவிலும் கழற்றக் கூடாது. பாவமாக இருக்கிறது என்று கழற்றிய பத்து நிமிடத்தில் தையலைப் பிரித்துவிடும். காலையும் மாலையும் ஒரே வெளிச்சத்தில் தையலைப் படம் எடுங்கள், நேற்றைய படத்தோடு ஒப்பிட்டால் வீக்கம் தானே தெரியும். லேசான தடிப்பு இயல்பு. சொட்டும் ரத்தம், நாற்றம், பிளவு, வெளிறிய ஈறு, மறுபடி உப்பும் வயிறு, 24 மணி நேரம் சாப்பிட மறுப்பது, மூத்திரம் போகாதது: இதில் ஒன்று இருந்தாலும் விடியக் காத்திருக்காமல் கொண்டுபோங்கள். தையல் 10 முதல் 14 நாளில் பிரிக்கும்வரை குளியல் கிடையாது, படியேற்றம் கிடையாது. சில நாய்களுக்கு இந்த நாள்களில் பால் சுரக்கும். பீய்ச்சாதீர்கள், பீய்ச்சினால் இன்னும் ஊறும்.

கூண்டிலேயே வாழ்ந்த நாய் மூலையில் சுவரைப் பார்த்தபடி நிற்கும். படுக்கத் துணியாமல் நின்றே தூங்கும். தலை மெல்ல மெல்ல இறங்கி, மூக்கு தரையைத் தொட்டதும் திடுக்கிட்டு நிமிரும். நேராகப் போய் அணைக்காதீர்கள். பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கோழித் துண்டைக் கை நீளத்துக்கு அப்பால் வையுங்கள். அது எடுத்துத் தின்ற பிறகு அடுத்ததை இரண்டு விரல் கிட்டே வையுங்கள். தானே படுக்கும் நாள்வரை தொடுவதை மருந்துக்கும் தையலுக்கும் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. வெளியே கூட்டிப்போகும்போது உடல்பட்டை, கழுத்துப்பட்டை இரண்டிலும் தனித்தனிக் கயிறு. மெலிந்த கழுத்திலிருந்து பட்டை நழுவி ஓடிவிட்டால், பயந்த நாயை மறுபடி பிடிப்பது லேசல்ல.

நாயை விட்ட ஆள் யாரென்று தெரிந்தால், மிச்ச நாய்களைக் காசு கொடுத்து வாங்கி மீட்காதீர்கள். அந்தக் காசில் இளம் நாய் ஒன்று அதே கூண்டுக்கு வரும். 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள்படி 18 மாதம் ஆகாத நாயை ஈன வைக்கக் கூடாது, வாழ்நாளில் 5 ஈத்துக்கு மேல் கூடாது, பதிவும் கட்டாயம். மருத்துவரின் எழுத்தறிக்கை, ஸ்கேன், தழும்பின் படங்கள் இவற்றோடு மாநில விலங்கு நல வாரியத்துக்கும் காவல் நிலையத்துக்கும் புகார் கொடுங்கள். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. முதல் குற்றத்துக்கு அதில் உள்ள அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான் என்பது வேதனை, ஆனாலும் அந்த ஆளுக்கு இனப்பெருக்கப் பதிவு மறுக்கப்பட மருத்துவரின் அறிக்கை பயன்படும்.

தையல் பிரித்து மூன்று நாலு வாரம் ஆனதும் மருத்துவர் ஒப்புதலோடு தடுப்பூசி, குடற்புழு மருந்து. உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் எழுதியிருந்தால் வழக்கமான 28 நாளையும் முழுதாக முடியுங்கள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும். வேறு வீட்டுக்குத் தத்துக் கொடுப்பதாக இருந்தால் அறுவைச் சீட்டின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். சூலகத்தின் துணுக்கு உள்ளே தங்கியிருந்தால் சில மாதம் கழித்து மறுபடி ஹீட் அறிகுறி தெரியும், அப்போது அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் மருத்துவர் எங்கே தேடுவதென்று முடிவுசெய்வார்.