மடியை முட்டுகிற குட்டி எல்லாம் பால் குடிப்பதில்லை

போன வாரம் செங்குன்றம் பக்கம் ஒரு தம்பியின் பட்டிக்குப் போயிருந்தேன். பத்து மெட்ராஸ் சிவப்புச் செம்மறி ஆடு வாங்கி விட்டிருக்கிறார். மூன்று ஈன்றதில் ஒரு குட்டி மறுநாளே செத்துப்போச்சு. "வாலை ஆட்டி ஆட்டிக் குடிச்சுதுண்ணா, நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். ஆடு வளர்க்க ஆரம்பித்த புதிதில் நானும் இதையேதான் டாக்டரிடம் சொன்னேன். ஈரத் தரை, நாய்த் தொல்லை எல்லாம் எவருக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு, ஆடு ஈன்ற நேரத்தில் புதியவர்கள் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

காம்பைப் பீய்ச்சிப் பார்க்காமல் விடுவது

ஈன்ற ஆட்டின் காம்புத் துளையை மெழுகு மாதிரி ஒன்று அடைத்திருக்கும். வலுவான குட்டி உறிஞ்சியே அதை எடுத்துவிடும். இளைத்த குட்டியால் முடியாது. முட்டும், சப்பும், வாலையும் ஆட்டும், வயிற்றுக்குள் ஒரு சொட்டு போகாது.

எனக்கு அது ஓர் ஐப்பசி மழை ராத்திரி. இரட்டைக் குட்டி. இரண்டும் மடியில் வாய் வைத்ததைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போனேன். விடிந்து பார்த்தால் சின்னது கழுத்தை மடக்கிக் கிடந்தது. வாய்க்குள் விரல் விட்டேன், சில்லென்று இருந்தது. வயிறு ஒட்டிப்போயிருந்தது. தாயின் காம்பை அழுத்தினால் முதலில் நூல் மாதிரி மஞ்சளாய் ஒன்று வந்தது, அதற்குப் பின்னால் கெட்டிச் சீம்பால் பீறிட்டது. மடி நிறையப் பால் இருந்தும் குட்டி ராத்திரி முழுக்கப் பட்டினி. பதற்றத்தில் சீம்பாலைக் கறந்து அப்படியே அதன் வாயில் ஊற்றினேன். சில்லிட்ட குட்டிக்கு விழுங்கத் தெம்பில்லை, பால் மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது. மதியத்துக்குள் போய்விட்டது. முதலில் உடம்பைச் சூடாக்கியிருக்க வேண்டும்.

செம்மறிக் குட்டிக்கு நோய் எதிர்ப்புச் சக்தி கருவில் இருக்கும்போது தாயிடமிருந்து வராது, சீம்பாலில்தான் வரும். குட்டியின் குடல் அதை உள்ளே வாங்குவது மணிக்கு மணி குறைந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். "காலையில பாத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

ஈன்ற அரை மணிக்குள் கையைக் கழுவிக்கொண்டு இரண்டு காம்பையும் இரண்டு பீய்ச்சு பீய்ச்சுங்கள். குட்டி குடித்த பிறகு வயிற்றைத் தொட்டுப் பாருங்கள், நிறைந்திருக்க வேண்டும். தானாகக் குடிக்காவிட்டால் கறந்து ஊட்டுங்கள். இரண்டரைக் கிலோ குட்டிக்கு ஒரு வேளைக்கு 125 மில்லி வரை கொடுக்கலாம்.

சீம்பாலை அடுப்பில் வைப்பது

மிஞ்சிய சீம்பாலை ஃப்ரீசரில் வையுங்கள், தாய் செத்த குட்டிக்கு உதவும். உருக்குவது வெதுவெதுப்பான தண்ணீரில் மட்டும். அடுப்பில் வைத்தால் கட்டியாகிவிடும் என்பது வீட்டில் சீம்பால் காய்ச்சியவர்களுக்குத் தெரியும். எதிர்ப்புச் சக்தியும் அதோடு சரி.

நஞ்சுக்கொடியை இழுப்பது

இழுக்காதீர்கள். 12 மணி நேரம் தாண்டியும் விழவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

குட்டியைக் குளிப்பாட்டுவது

வேண்டாம். தாய் நக்கட்டும், அந்த வாசனையில்தான் தன் குட்டியென்று சேர்த்துக்கொள்ளும்.

தொப்புள்கொடி

டிங்சர் அயோடினைப் பஞ்சில் தொட்டு ஒற்றினால் போதாது. சின்ன மூடியில் ஊற்றி, கொடி முழுக்க நனைகிற மாதிரி முக்கி எடுங்கள்.