கோட்டைக் கொத்தளத்தில் நிற்கும் போஃபர்ஸ்: பலகையிலும் பராமரிப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலோரக் கோட்டைகளில் பழைய வார்ப்பிரும்புப் பீரங்கிகளுக்கு நடுவே, இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கப்பல் பீரங்கியையும் சில இடங்களில் காட்சிக்கு வைக்கிறார்கள். அது சுவீடனின் போஃபர்ஸ் கம்பெனி வடிவமைத்த, 40 மி.மீ. குழல் விட்டமுள்ள விமான எதிர்ப்புப் பீரங்கி (போஃபர்ஸ் எல்/60) என்றால், முதல் தவறு பெரும்பாலும் தகவல் பலகையிலேயே தொடங்கிவிடும்.

40 மி.மீ. என்றாலே போஃபர்ஸ் ஆகிவிடாது. பிரிட்டிஷ் கடற்படையின் ‘பாம்-பாம்’ பீரங்கியும் 40 மி.மீ.தான். அதற்குத் தோட்டாக்கள் பெல்ட்டில் ஏறும். போஃபர்ஸுக்கு நான்கு நான்காக கிளிப்பில் கோத்து மேலிருந்து போடுவார்கள். அளவை நம்பாமல், தோட்டா ஏறும் வாயைப் பாருங்கள். (1980களில் ஊழல் புகாரில் அடிபட்ட போஃபர்ஸ் தரைப்படையின் 155 மி.மீ. ஹோவிட்சர் பீரங்கி. கம்பெனி ஒன்று, பீரங்கி வேறு.)

‘சுவீடன் தயாரிப்பு’ என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத வேண்டாம். வடிவமைப்புதான் சுவீடனுடையது. உரிமம் பெற்று பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் செய்து குவித்தன. எல்/60 என்றால் குழல் நீளம் விட்டத்தைப் போல 60 மடங்கு என்று எடுத்துக்கொண்டு, 60 x 40 எனப் பெருக்கி 2.4 மீட்டர் என்று போடுவதும் தவறு. உண்மை நீளம் 2.25 மீட்டர். ‘10 கி.மீ. வரை விமானத்தை வீழ்த்தும்’ என்பது இன்னும் மோசம். குண்டு அவ்வளவு தூரம் பறக்கக்கூடியதுதான். ஆனால் இலக்கைத் தவறவிட்ட குண்டு சொந்தப் படையின் தலையில் விழாமலிருக்க, சுமார் 4 கி.மீ. தூரத்தில் தானே வெடித்துவிடும் ஏற்பாடு அதில் இருந்தது.

பராமரிப்பில் நடக்கும் சேதத்தைத் திருத்தவே முடியாது. குழல் வானத்தைப் பார்த்து நின்றால்தான் அழகு என்று நிமிர்த்தி வைக்கிறார்கள். மழைநீர் முழுதும் குழல் வழியே இறங்கிப் பின்பூட்டில் (குழலின் பின்வாயை மூடும் பகுதியில்) தேங்கும். கிடைமட்டத்துக்கு இரண்டு மூன்று டிகிரி கீழே சாய்த்து வைப்பதே சரி. நிமிர்த்தித்தான் ஆக வேண்டுமென்றால் கழற்றக்கூடிய மூடி போடுங்கள். சிமென்ட் வைத்து அடைத்தால் உள்ளே வியர்க்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் துருவாகும்.

கப்பலுக்கான இரட்டை, நான்கு குழல் வகைகளில் குழலைச் சுற்றித் தண்ணீர் உறை உண்டு. தரைப்படை வகை காற்றில் குளிர்வது. அதைப் பராமரித்துப் பழகியவர்கள் இந்த உறையை மறந்துவிடுவார்கள். வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தேங்கிய தண்ணீர் தின்றுகொண்டிருக்கும். மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் வடிகால் திருகைத் திறந்து பாருங்கள்.

பெயின்ட் விஷயம்: பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்த்தால் தூசி மூச்சில் போகும். ஈரமாகவே சுரண்டுங்கள், முகக்கவசம் அவசியம். மணலை வேகமாகப் பாய்ச்சித் தேய்க்கும் சாண்ட் பிளாஸ்டிங் துருவோடு சேர்த்து, பொறித்த வரிசை எண்ணையும் தயாரிப்பாளர் முத்திரையையும் அழித்துவிடும். அவை போனால் பீரங்கியின் பூர்வீகமும் போச்சு. ஆகவே முதலில் படமெடுங்கள், பெயர்த்தகட்டுப் பக்கத்தைக் கையாலேயே சுத்தம் செய்யுங்கள். புதுப்பூச்சு அடிக்கும்போது எண்கள் மீது தடிமனாக அப்பாதீர்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஸ்பிரிங். தோட்டாவை உள்ளே தள்ளும் அமைப்பு ஸ்பிரிங் விசையில் வேலை செய்வது. இழுத்துப் பூட்டிய நிலையிலேயே விட்டிருந்தால், பல்லாண்டு கழித்தும் விரலை நசுக்கிவிடும். குழலின் அடியைச் சுற்றியிருக்கும் பெரிய ஸ்பிரிங்கும் அழுத்தத்தில்தான் இருக்கும். வெட்டி எடுக்கத் துணியாதீர்கள். படைக்கல வேலை தெரிந்தவர் வந்து விசையைத் தளர்த்தி, பின்பூட்டை அசையாதபடி செய்த பிறகே சிறுவர்களை இருக்கையில் ஏறவிட வேண்டும்.