முதல் மனை வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

"ஈசி (வில்லங்கச் சான்று) சுத்தமா இருக்கு, பட்டா அவர் பேர்லயே இருக்கு, அப்புறம் என்ன யோசனை?" என்று புரோக்கர் கேட்டதும் என் சித்தப்பா 3 லட்சம் ரூபாயை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டார். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மனை. முதலீடு என்று அவர் வாங்கப்போன முதல் இடம் அது. பத்திர நகல்களைக் கூடத்தில் பரப்பி வைத்துப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. விற்பவரின் அப்பா சொந்தமாக வாங்கிய நிலம். உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். வாரிசுச் சான்றிதழில் 2 மகள்களின் பெயரும் இருக்கிறது. பாகப்பிரிவினைப் பத்திரமும் இல்லை, மகள்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதும் விடுதலைப் பத்திரமும் இல்லை. மகன் மட்டும் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு விற்க வந்திருந்தார்.

புதிதாக மனை வாங்குகிறவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். பட்டா வருவாய்த்துறையின் பதிவு. அது மட்டுமே உரிமையை நிரூபித்துவிடாது. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும். வாரிசு யார் யார், பதியாத உயில் இருக்கிறதா, நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறதா என்பதெல்லாம் பெரும்பாலும் அதில் தெரியாது. "கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு ஏது பங்கு" என்று இன்றும் சொல்கிறார்கள். அப்பா உயில் எழுதாமல் விட்டுப்போன சொந்தச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்பது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-இல் அன்று திருமணமாகாத மகள்களுக்கும், மத்திய அரசு 2005-இல் திருமணமான மகள்களுக்கும் சேர்த்து அந்த உரிமையைக் கொடுத்தன. அந்தப் பெண்களின் கையெழுத்து இல்லாமல் வாங்கினால், அவர்கள் பங்கு கேட்டு வழக்குப் போடும்போது நீங்களும் பிரதிவாதியாக நிற்க வேண்டும். அவர்கள் கேட்பது நியாயமும்கூட.

அதனால் தாய்ப்பத்திரத்திலிருந்து (பழைய மூலப் பத்திரம்) இன்றைய உரிமையாளர் வரை ஒவ்வொரு கைமாற்றமும் கோவையாக வருகிறதா என்று பாருங்கள். உரிமையாளர் எழுதிக்கொடுத்த பவரை (அதிகாரப் பத்திரம்) வைத்து வேறொருவர் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் இறந்துவிட்டால் பொதுவாகப் பவரும் செல்லாது. புரோக்கர் கைகாட்டும் வக்கீலை விட்டுவிட்டு, நீங்களே ஒரு வக்கீலைப் பிடித்து, காகிதங்கள் சட்டப்படி சரியா என்று லீகல் பாருங்கள். அதற்கு ஆகும் சில ஆயிரங்களை மிச்சம் பிடிக்கவே கூடாது.

அடுத்தது "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்ற சொல். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அங்கீகார எண்ணைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத மனைக்குப் பத்திரப்பதிவே சிக்கலாகும், வங்கிக் கடனும் கிடைப்பது கஷ்டம்.

இடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அது போதாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தனியாக ஒருமுறை போய்ப் பாருங்கள். முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற இடத்தைச் சித்திரையில் பார்த்தால் மைதானம் மாதிரி இருக்கும். நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சர்வேயரோடு நான்கு பக்கமும் டேப் பிடியுங்கள். பத்திரத்தில் 2,400 சதுர அடி இருந்து, கல்லுக்குக் கல் அளந்தால் குறைகிற மனைகளும் உண்டு.

செலவுக் கணக்கில் மனையின் விலையை மட்டும் போடாதீர்கள். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சம் ரூபாய்க்குப் பதிந்தால் இதுவே 1,80,000 ரூபாய். காலி மனை மாத வருமானம் தராது, அவசரத்துக்கு உடனே விற்கவும் முடியாது. பிள்ளைகளின் படிப்புக்கு வைத்த பணத்தை இதில் போடாதீர்கள்.

அப்புறம் அட்வான்ஸ். மனை வாங்க 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது என்று வருமானவரிச் சட்டம் சொல்கிறது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுத்து, காகிதங்கள் சரியில்லை என்றால் எத்தனை நாளில் பணம் திரும்பி வரும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சித்தப்பாவிடம் இருந்தது ஒரு துண்டுச்சீட்டில் எழுதிய ரசீது மட்டும்தான். நிலம் விற்பனைக்கு வந்ததே விற்பவரின் தங்கைகளுக்குத் தெரியாது என்று பிறகு தெரிந்தது. பேச்சு முறிந்து, 3 லட்சமும் தவணை தவணையாகத் திரும்பி வர 7 மாதம் ஆயிற்று.