மரு வளர்ப்பதில் செய்யும் தவறுகள், சமையலிலும் மருந்திலும் செய்யும் தவறுகள்

கதம்பத்தில் வைத்துக் கட்டுகிறார்களே, அந்த மருதான் ஐரோப்பிய சமையலில் மார்ஜோரம். இது தெரியாததால் மாடித்தோட்டம் போடுபவர்கள் பலர் ஆன்லைனில் விதை வாங்கிப் பாடுபடுகிறார்கள். விதை தூசி மாதிரி இருக்கும். மண் போட்டு மூடினால் முளைப்பதே சந்தேகம், மேலாகத் தூவி லேசாக அழுத்திவிட்டால் போதும். அதைவிடப் போத்து நடுவது சுலபம். பூக்காத இளந்தண்டில் நான்கு விரல் நீளம் வெட்டி, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் ஊன்றி நிழலில் வைத்தால் வேர் பிடித்துவிடும்.

ஆனால் நடுவதற்குத் தண்டு வேண்டுமென்று பூக்கடையில் மரு கேட்டால் சில சமயம் மரிக்கொழுந்தைத் தருவார்கள். இரண்டும் வாசனைக் கொழுந்துதான், ஆனால் வேறு வேறு செடி. மரிக்கொழுந்து இலை பொடிப்பொடியாகக் கிழிந்தது போல இருக்கும். மருவின் இலை முட்டை வடிவில் சிறியதாக, சாம்பல் கலந்த பச்சையில், தொட்டால் மெத்தென்று இருக்கும். கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே வரும். இன்னொன்று, மாலைக்கென்று வளர்த்த மருவை அப்படியே டீயில் போடாதீர்கள். பூச்சிமருந்து தெளித்து எத்தனை நாளாயிற்று என்று விற்பவருக்கே தெரியாது. தண்டை நட்டு, அதில் புதிதாகத் துளிர்ப்பதைச் சமையலுக்கு எடுங்கள்.

செடி சாவதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர். கிழக்கு மத்தியதரைக் கடல் பக்கத்துக் காய்ந்த மலைச்சரிவுகள்தான் அதன் பூர்வீகம். தேங்காய் நார்க்கழிவை நிறையப் போட்டுத் தினமும் ஊற்றினால் வேர் அழுகும். செம்மண்ணில் ஆற்று மணலைத் தாராளமாகக் கலந்து, மேல்மண் காய்ந்தபின் ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைக் கூரைக்கடியில் நகர்த்திவிடுவது நல்லது. வெயில் நிறைய வேண்டும் என்பது உண்மைதான், ஆனால் சித்திரை மதிய வெயிலில் மொட்டைமாடித் தொட்டிக்கு லேசான நிழல் தேவை. உரமும் அளவாகவே. தழைச்சத்து மிகுந்தால் செடி கொழுகொழுவென வளரும், முகர்ந்தால் வாசனை குறைந்திருக்கும்.

நுனியில் முடிச்சு முடிச்சாக மொட்டு திரளும் நேரம்தான் அறுவடைக்கு ஏற்றது. பூ விரியும்வரை காத்திருந்தால் மணம் இறங்கும். ஒரேயடியாக மொட்டையடிக்காமல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெட்டினால் மறுபடி தழைக்கும். வெட்டியதை வெயிலில் காயப்போடுவது வீண், இலையிலுள்ள வாசனை எண்ணெய் பறந்து வைக்கோல்தான் மிஞ்சும். நிழலில், காற்றோட்டமாக, சிறு கட்டுகளாகத் தொங்கவிடுங்கள்.

அடுப்படிக்கு வருவோம். ஓரிகானோவுக்கு இது நெருங்கிய உறவு என்பதால் அதைப் போலவே தாளிப்பில் போட்டுவிடுகிறார்கள். ஓரிகானோ காரசாரமானது, சூட்டைத் தாங்கும். மரு மென்மையானது, தக்காளி சூப்பானாலும் உருளைக்கிழங்கு வறுவலானாலும் இறக்குவதற்குச் சற்று முன்தான் போட வேண்டும். ஆம்லெட்டுக்கு இரண்டு சிட்டிகை தாராளம். பச்சை இலை மூன்று ஸ்பூன் கேட்கும் இடத்தில் காய்ந்தது ஒரு ஸ்பூன் போதும். ஜெர்மனியின் தூரிங்கியா சாசேஜிலும் போலந்தின் பட்டாணி சூப்பிலும் இதுதான் முக்கிய வாசனை. எண்ணெய்ப் பிசுக்கும் பருப்பும் உள்ள உணவோடு நன்றாகச் சேரும், நம் பருப்பு சூப்பிலும் போட்டுப் பார்க்கலாம்.

எகிப்தில் இதை பர்தகூஷ் என்று டீயாகவே குடிக்கிறார்கள். கஷாயம் போலக் கொதிக்கக் கொதிக்க வற்றவைத்தால் மணம் ஆவியோடு போய்விடும். ஒரு ஸ்பூன் காய்ந்த இலையில் கொதிநீர் ஊற்றி, மூடி, பத்து நிமிடம் வைத்து வடிகட்டுங்கள். வயிற்று உப்புசத்துக்கு வழக்கமாகக் குடிப்பது இதுதான்.

பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு மரு டீ என்று பரவும் வீடியோக்களை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்தான தவறு. அந்தப் பேச்சுக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் 2016-ஆம் ஆண்டு ஜோர்டான் ஆய்வு, 25 பெண்களிடம் ஒரே மாதம் நடந்த முன்னோட்டம். இன்சுலின் செயல்பாட்டில் முன்னேற்றமும் ஆண் ஹார்மோன் ஒன்றின் அளவில் குறைவும் தெரிந்தது, அவ்வளவுதான். அது சிகிச்சை முறை ஆகிவிடாது. சமையல் அளவில் பயமில்லை. மருந்து அளவில் என்றால் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மரு எண்ணெயை நேரடியாகக் குடிக்கவே கூடாது. வாங்கும்போது லேபிளையும் பாருங்கள்: ஸ்பானிஷ் மார்ஜோரம் என்று போட்டிருந்தால் அது மருவே அல்ல, தைம் என்ற வேறு மூலிகை வகைச் செடியின் எண்ணெய்.